நிரை பிரித்த கணக்கும் மேற்கோள் கணக்கும்

மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக நட்ட முன்னோடிகளுள் ஒருவர் டான் சே யான். 1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் அவர் இரப்பர் பயிரிடத் தொடங்கினார். பின்னர் புக்கிட் ஆசகானில் அதைவிடப் பெரிய தோட்டம் உருவானது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களிலும் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கிருந்த லயங்களில் குடியேறின. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுப்பதும், தமக்குரிய நிரைக்குப் போய் உளி பிடிப்பதும் அவர்களுடைய அன்றாட வாழ்க்கையாயின.

நிரை பிரிப்பது எளிய வேலையாகத் தோன்றலாம். தோட்டத்தில் இருக்கும் மரங்களை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கொடுத்தால் போதாதா? போதாது. ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 400 முதல் 500 மரங்கள் வரை வெட்டுவார். அந்த மரங்கள் அனைத்தும் அருகருகே இருக்க வேண்டும். 300 மரங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் இருந்தால், பாதி நேரம் நடையிலேயே கழிந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்காவிட்டால் பால் குறையும். வெட்டி முடித்த பிறகு மீண்டும் முதல் மரத்திலிருந்து பால் எடுத்து வர வேண்டும். ஆகவே, நிரை பிரிப்பவர் ஒரே நேரத்தில் இரண்டைக் கவனித்தார். ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வேலை ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும்; ஒருவருடைய நிரை துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்க வேண்டும்.

இவற்றோடு மேடும் பள்ளமும் சேர்ந்துகொள்ளும். மேட்டில் நிற்கும் 400 மரமும் சமதரையில் நிற்கும் 400 மரமும் ஒன்றல்ல. மேட்டு நிரை கிடைத்தவருக்குச் சில மரங்களைக் குறைத்துக் கொடுத்தால்தான் நியாயம். அந்த நியாயம் தவறிய நாளில் பெரட்டுக்களத்தில் சச்சரவு எழும். கூலி எடுத்த பாலைப் பொறுத்தது என்பதால், தவறாகப் பிரித்த நிரை ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையே பாதிக்கும்.

இதே சிக்கலைக் கணினி அறிவியலார் வேறொரு பெயரில் அழைக்கின்றனர். அதுவே கோட்டுருப் பிரிப்பு. சில புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்தது கோட்டுரு. மலாக்கா மாநிலத்தின் பட்டணங்களைப் புள்ளிகளாகவும் அவற்றுக்கிடையே ஓடும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அது ஒரு கோட்டுரு. தோட்டத்து மரங்களைப் புள்ளிகளாகவும், அடுத்தடுத்த மரங்களுக்கு இடையிலுள்ள நடைபாதைகளைக் கோடுகளாகவும் கொண்டால் அதுவும் கோட்டுருதான். புள்ளிகளைச் சம அளவுள்ள குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குச் செல்லும் கோடுகள், அதாவது வெட்டுப்படும் கோடுகள், இயன்ற அளவு குறைவாக இருக்க வேண்டும். மேட்டு மரத்துக்குக் கூடுதல் எடை கொடுப்பதுபோல, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடை கொடுக்கவும் முடியும்.

கணினிக்கு இது எதற்குத் தேவை? ஒரு கார் சுவரில் மோதும்போது அதன் உடல் எப்படி நசுங்கும் என்பதைக் கணினியில் கணித்துப் பார்க்கலாம். அதற்காகக் காரின் வடிவத்தை இலட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பகுப்பர். ஒவ்வொரு துண்டும் எப்படி வளையும் என்பது அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அண்டைத் துண்டுகளைப் பொறுத்தது. இந்தக் கணக்கு ஒரே செயலியால் முடியாத அளவுக்குப் பெரியது. எனவே, நூற்றுக்கணக்கான செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றனர். ஒரு செயலிக்கு மட்டும் அதிக வேலை கொடுத்தால் மற்றவை வேலை முடித்துவிட்டு அதற்காகக் காத்துக் கிடக்கும். அண்டைத் துண்டுகளை வெவ்வேறு செயலிகளுக்குக் கொடுத்தால் அவை ஒவ்வொரு நொடியும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றைக் கடந்து நடப்பதற்கு ஒப்பானது இந்தச் செய்திப் பரிமாற்றம். கணக்குப் போடும் நேரத்தைவிட நடக்கும் நேரம் மிகுந்துவிட்டால், ஆயிரம் செயலிகள் இருந்தும் பயனில்லை.

எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாமே என்ற எண்ணம் எழக்கூடும். 20 புள்ளிகளைப் பத்துப் பத்தாக இரண்டாகப் பிரிக்க 92,378 வழிகள் உள்ளன. இதைக் கணினி ஒரு நொடிக்குள் பார்த்துவிடும். 40 புள்ளிகள் என்றால் வழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 68.9 பில்லியன். 100 புள்ளிகள் என்றால் அது 29 இலக்கங்கள் கொண்ட எண். இலட்சக்கணக்கான புள்ளிகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 1976ஆம் ஆண்டில் கேரி, ஜான்சன், ஸ்டாக்மேயர் ஆகிய மூவரும் இச்சிக்கல் கணினியியலின் மிகக் கடினமான வகையைச் சேர்ந்தது என்று நிறுவினர். எல்லாச் சமயங்களிலும் விரைவாகவும் மிகச் சரியாகவும் விடை தரும் முறை எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, கிட்டத்தட்டச் சிறந்த விடையை விரைவாகத் தரும் முறைகளைத் தேடுவதே ஆய்வாளர்களின் வேலையாயிற்று.

அத்தகைய முறைகளுள் பழைமையானதும் இன்றும் பேசப்படுவதும் 1970இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையன் கெர்னிகன், ஷென் லின் இருவரும் மின்சுற்றுகளின் பாகங்களைப் பலகைகளில் பிரித்து வைக்கும் தேவைக்காக அதனை வகுத்தனர். முதலில் எப்படியோ இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். பிறகு இந்தப் பக்கத்துப் புள்ளி ஒன்றையும் அந்தப் பக்கத்துப் புள்ளி ஒன்றையும் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். வெட்டுப்படும் கோடுகள் குறைந்தால் நன்று. இடையில் சற்றே கூடினாலும் பொறுத்துக்கொண்டு மேலே செல்ல இம்முறை இடம் தருகிறது. அதுதான் இதன் நுட்பம். ஆயினும், தொடக்கப் பிரிவு மோசமாக இருந்தால் முடிவும் பெரும்பாலும் மோசமாகவே அமையும்.

செக் நாட்டுக் கணித அறிஞர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973இல் வெளியிட்ட ஒரு கட்டுரை முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தது. கோட்டுருவை எண்களின் அட்டவணையாக எழுதி, அந்த அட்டவணையிலிருந்து பெறப்படும் ஒரு குறிப்பிட்ட எண், கோட்டுரு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்துள்ளது என்பதைக் காட்டும் என்றார் அவர். கணினிகளைப் பற்றி அக்கட்டுரை பேசவில்லை; தூய கணிதமாகவே அது எழுதப்பட்டது. 17 ஆண்டுகள் கழித்து, 1990இல் அலெக்ஸ் போத்தன், ஹோர்ஸ்ட் சைமன், காங்-பூ லியூ ஆகியோர் ஃபீட்லரின் கருத்தைக் கொண்டு பெரிய கோட்டுருக்களைப் பிரிக்கலாம் என்று காட்டினர். விடைகள் நன்றாக இருந்தன. ஆனால், கணக்குப் போட நெடுநேரம் பிடித்தது.

இந்நிலையில்தான் விப்பின் குமாரின் பெயர் வருகிறது. இவர் இந்தியாவின் ரூர்க்கி பல்கலைக்கழகத்தில் 1977இல் மின்னணுப் பொறியியல் பட்டம் பெற்றவர். 1982இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சஸில் சில ஆண்டுகள் கற்பித்த பின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பல செயலிகள் ஒன்றாக வேலை செய்யும்போது செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் உண்மையிலேயே கூடுமா என்பதுதான் அவருடைய முதன்மைக் கேள்வி. அவரிடம் ஆய்வு மாணவராக இருந்தவர் ஜார்ஜ் கரிப்பிஸ். இருவரும் சேர்ந்து எழுதிய 34 பக்கக் கட்டுரை 1998இல் ஓர் அறிவியல் கணிப்பு இதழில் வெளிவந்தது. கோட்டுருப் பிரிப்புத் துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

அக்கட்டுரையின் வழியைப் புரிந்துகொள்ள மீண்டும் தோட்டத்துக்கே வரலாம். ஆயிரக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எவரும் நிரை பிரிப்பதில்லை. அடுத்தடுத்து நிற்கும் மரங்களை ஒரு வரிசையாகவும், சில வரிசைகளை ஒரு மேடாகவும் மனத்துக்குள் சேர்த்துக்கொள்வர். பத்துப் பன்னிரண்டு மேடுகளாகச் சுருங்கிய தோட்டத்தை ஆட்களுக்குப் பிரிப்பது கடினமன்று. அதன் பிறகு எல்லைக்குப் போய், இந்த வரிசை உனக்கு, அந்த மூன்று மரங்கள் அவனுக்கு என்று சரிசெய்வர். கரிப்பிஸ், குமார் இருவரின் முறையும் இவ்வாறே செயல்படுகிறது. நெருக்கமாக இணைந்த புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கி, கோட்டுருவைப் படிப்படியாகச் சுருக்குகிறது. சில நூறு புள்ளிகளே எஞ்சும்போது அதனைப் பிரிக்கிறது. பிறகு படிப்படியாக விரித்து, ஒவ்வொரு படியிலும் எல்லையிலுள்ள புள்ளிகளை மட்டும் இடம் மாற்றித் திருத்துகிறது. திருத்தும் வேலைக்குக் கைகொடுப்பது, கெர்னிகனும் லின்னும் 1970இல் வகுத்த அதே கருத்தின் மேம்பட்ட வடிவம். எந்தப் புள்ளிகளை முதலில் சேர்க்க வேண்டும் என்பதையும் எந்த அளவு திருத்தினால் போதும் என்பதையும் இருவரும் பல கோட்டுருக்களில் சோதித்துப் பார்த்து எழுதினர்.

சுருக்கிப் பிரித்து விரிக்கும் இந்தக் கருத்தை முதன்முதலில் கூறியவர்கள் இவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1990களின் தொடக்கத்திலேயே புரூஸ் ஹென்ட்ரிக்சன், ராபர்ட் லேலண்டு ஆகியோரும் வேறு சிலரும் இவ்வழியில் ஆய்வு செய்து, மென்பொருளும் உருவாக்கியிருந்தனர். அப்படியானால் கரிப்பிஸ், குமார் கட்டுரைக்குப் பல ஆயிரம் மேற்கோள்கள் சேர்ந்தது எப்படி? அதற்கான விடை கட்டுரைக்குள் மட்டும் இல்லை. 'மெட்டிஸ்' என்னும் மென்பொருளிலும் இருக்கிறது. தம்முடைய முறையை அவர்கள் நிரலாக எழுதி, மூல நிரலோடு பிறர் பயன்படுத்தக் கொடுத்தனர். விமானச் சிறகின் மேல் ஓடும் காற்றை ஆராய்பவரும் பாலத்தின் வலிமையைக் கணிப்பவரும் கோட்டுருவியலைக் கற்காமலேயே அதனைப் பயன்படுத்த முடிந்தது. ஒரே கணினியில் அடங்காத கோட்டுருக்களுக்காக 'பார்மெட்டிஸ்' வந்தது. மின்னணுச் சில்லுகளின் சுற்றுகளைப் பிரிக்க 'எச்-மெட்டிஸ்' வந்தது. பயன்படுத்திய ஒவ்வொருவரும் தம் கட்டுரையில் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிட்டனர்.

மேற்கோள் என்பது இதுதான். ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் பிறருடைய கருத்தையோ முறையையோ எடுத்தாளும்போது, அது யாருடையது என்று குறிப்பிட்டாக வேண்டும். அவ்வாறு குறிப்பிடப்படும் எண்ணிக்கையைத் தொகுத்துப் பார்க்கும் வழக்கத்தை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1960களில் பரவலாக்கினார். எந்தக் கட்டுரையைத் தொடர்ந்து எந்தக் கட்டுரை எழுதப்பட்டது என்று தேடுவதற்கு உதவும் அட்டவணையாகத்தான் அது தொடங்கியது. பின்னர் அதே எண்ணிக்கை ஆய்வாளரின் தகுதியை அளக்கும் கோலாகவும் மாறியது. உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைகள் சிலவற்றில் இன்று மேற்கோள் எண்ணிக்கைக்கும் இடமுண்டு. டுரியான் துங்காலில் உள்ள மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயினும் மினசோட்டா பல்கலைக்கழகமாயினும் அங்குப் பணியாற்றும் ஆய்வாளர்களுக்கு இந்த எண் பழக்கமானதே.

2005ஆம் ஆண்டில் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 'எச் சுட்டெண்' என்னும் அளவை அறிமுகப்படுத்தினார். ஓர் ஆய்வாளர் எழுதிய ஆறு கட்டுரைகள் முறையே 40, 12, 6, 5, 3, 1 மேற்கோள்களைப் பெற்றுள்ளன என்று கொள்வோம். நான்கு கட்டுரைகளுக்கு நான்கோ அதற்கு மேலோ மேற்கோள்கள் உள்ளன. ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. எனவே, அவருடைய எச் சுட்டெண் 4. இன்னொருவர் மூன்றே கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று 3,000 மேற்கோள்களும் மற்றவை இரண்டிரண்டும் பெற்றன. அவருடைய எச் சுட்டெண் வெறும் 2. ஒரு துறையையே திருப்பிவிட்ட கட்டுரை எழுதியவரை இந்த அளவுகோல் கீழே நிறுத்திவிடுகிறது. நிரையில் எத்தனை மரங்கள் என்று மட்டும் எண்ணிவிட்டு, மேடா பள்ளமா என்று பார்க்காமல் விட்டதைப் போன்றது இது.

மேடு பள்ளம் ஆய்வுத் துறைகளுக்கும் உண்டு. தூய கணிதத்தில் கட்டுரைகள் குறைவு, மேற்கோள்களும் குறைவு. தரவு அறிவியலில் இரண்டுமே மிகுதி. கரிப்பிஸ் பின்னாளில், இணையக் கடைகள் வாடிக்கையாளருக்குப் பொருள்களைப் பரிந்துரைக்கும் முறையைப் பற்றி மற்ற மூவருடன் சேர்ந்து 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். அதுவும் பல ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றது. இரண்டில் எது சிறந்தது என்று எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிப்பது பொருளற்றது.

சென்னையில் பிறந்த இரவி கண்ணனின் ஆய்வுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1980இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், கார்னகி மெலன், யேல் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தவர். பின்னர் பெங்களூரில் மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில் பணியாற்றியவர். 1991இல் ஃபல்கர்சன் பரிசும் 2011இல் கனூத் பரிசும் பெற்றார். சந்தோஷ் வெம்பாலா, அட்ரியன் வெட்டா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, கோட்டுருவை இயல்பான குழுக்களாகப் பிரிப்பதைப் பற்றியது. 2000இல் ஒரு மாநாட்டில் படைக்கப்பட்டு, 2004இல் விரிவாக வெளிவந்தது. அவர்கள் எழுப்பிய கேள்வி அடிப்படையானது: நல்ல பிரிப்பு என்றால் என்ன?

செயலிகளுக்கு வேலை பங்கிடும்போது பங்குகள் சமமாக இருக்க வேண்டும். ஆனால், ஒரு பள்ளியில் யார் யாருக்கு நண்பர் என்று கோட்டுரு வரைந்து, நட்புக் குழுக்களைக் கண்டறிய வேண்டுமானால் சமமாகப் பிரிப்பது தவறாகிவிடும். நான்கு பேர் கொண்ட குழுவும் இருக்கும். நாற்பது பேர் கொண்ட குழுவும் இருக்கும். அவற்றைச் சமமாக்கினால் உயிர்த்தோழர் இருவர் வெவ்வேறு குழுவில் விழுவர். குழுவுக்குள் பிணைப்பு இறுக்கமாக இருக்கிறதா, குழுக்களுக்கு இடையே வெட்டுப்படும் பிணைப்பு குறைவாக இருக்கிறதா என்னும் இரண்டையும் சேர்த்து அளக்க வேண்டும் என்றனர் கண்ணனும் அவருடன் எழுதியவர்களும். ஃபீட்லரின் வழியில் வந்த முறை இந்த அளவுகோலின்படி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கும் அவர்கள் கணித நிறுவல் தந்தனர். இக்கட்டுரையை மேற்கோள் காட்டுபவர் பெரும்பாலும் ஒரு கருவியைப் பயன்படுத்தியதற்காகக் காட்டுவதில்லை. ஒரு வாதத்தைத் தொடர்வதற்காகக் காட்டுகிறார். இரண்டு மேற்கோள்களும் பட்டியலில் 'ஒன்று' என்றே எண்ணப்படும்.

எண்ணப்படாமலே போகும் பயன்பாடும் உண்டு. மெட்டிஸ் இன்று வேறு பல பெரிய மென்பொருள்களின் உள்ளே ஒரு பகுதியாக வைக்கப்பட்டுள்ளது. வெளியிலுள்ள மென்பொருளை இயக்கும் பொறியாளருக்கு உள்ளே மெட்டிஸ் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். தெரியாததை அவர் எப்படிக் குறிப்பிடுவார்? ஒரு கருவி மிகவும் பழக்கமாகிவிட்டால் அதன் பெயர் மறைந்துபோவது இயல்பு. தோட்டத்தில் மங்கு வைக்கும் முறையை முதலில் வகுத்தவர் யார் என்று பால் எடுப்பவர் எவரும் கேட்டதில்லை.

விப்பின் குமாருக்கு 2016இல் சிட்னி ஃபெர்ன்பாக் விருது வழங்கப்பட்டபோது, கோட்டுருப் பிரிப்பு முறைகளும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்பட்டன. அதற்குள் அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களிலிருந்து காடுகள், ஏரிகள், விளைநிலங்கள் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் கணினியே கண்டறியச் செய்யும் ஆய்வில் அவருடைய குழு இறங்கியது. தென்கிழக்காசியாவின் பெருந்தோட்டங்களை வானிலிருந்து அடையாளம் காணும் முயற்சியும் அதில் அடங்கும். இரப்பர் நின்ற மலாக்கா நிலங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பெரட்டுக்களத்தில் நின்று மேட்டையும் பள்ளத்தையும் மனத்தில் வரைந்தவர்களின் கோட்டுரு எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.